அந்தப் பதினெட்டு மாதம்

‘பால் குடிக்கிற புள்ள இருக்கும்போது அடுத்தது நிக்காது.’

இந்த வாக்கியத்தை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். பாட்டி சொல்லியிருப்பார், அத்தை சொல்லியிருப்பார், எதிர்வீட்டு அக்கா தன்னையே உதாரணம் காட்டிச் சொல்லியிருப்பார். முழுப் பொய்யாக இருந்தால் பிரச்னையே இல்லை. நாலு பேர் ஏமாந்ததும் ஐந்தாவது ஆள் சுதாரித்துவிடுவார். இது பாதி உண்மை. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற வழியில் எத்தனை பெண்களை மோதித் தள்ளியிருக்கிறது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண். பெயர் வேண்டாம். மூத்த பிள்ளைக்குப் பதின்மூன்று மாதம். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தான். இவளோ, பிள்ளை ஆறாவது மாதத்தைத் தாண்டியதும் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். காலையில் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. பிரசவத்துக்குப் பிறகு தூரமே ஆகவில்லை. அதனால் கவலையும் இல்லை. வயிறு உப்பியபோது கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்தாள். பிறகு ஒருநாள் உள்ளே ஏதோ அசைந்தது. ஸ்கேன் எடுத்தால் ஐந்து மாதம்.

அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் வார்த்தை என்ன தெரியுமா? “ஏண்டி, இடுப்புப் புள்ள இன்னும் எறங்கல, அதுக்குள்ள வயித்துல ஒண்ணா? கொஞ்சம் அடக்கமா இருக்கக் கூடாது?” சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தவர், “படிச்ச பொண்ணுதானே நீ?” என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கணவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஓர் ஆம்பளை, அதுவும் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன், இதைப் பற்றியெல்லாம் எழுதலாமா என்று உங்களில் சிலர் நெளிவது தெரிகிறது. எழுதத்தான் வேண்டும். இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுங்கிய ஆண்களால்தான் பாதி விபத்து நடக்கிறது.

முதலில் அந்தப் பாதி உண்மை எது என்று பார்த்துவிடுவோம். குழந்தை மார்பில் வாய்வைத்துச் சப்பும்போது அந்தத் தூண்டல் நரம்பு வழியாகத் தாயின் மூளைக்குப் போகிறது. கருமுட்டையை முதிர வைக்கிற ஹார்மோன்களை மூளை அடக்கி வைக்கிறது. முட்டை வெளியே வராது, கருவும் தங்காது. இயற்கையின் ஏற்பாடு இது. ஆனால் அடிக்கடி சப்ப வேண்டும், பகலும் ராத்திரியும் சப்ப வேண்டும். இடைவெளி நீள நீள மூளையின் பிடி தளர்ந்துகொண்டே போகும். ஆக, காவல் காப்பது பால் இல்லை. பிள்ளை எத்தனை தடவை வாய் வைக்கிறான் என்பது.

1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் உலகத்தின் முக்கியமான ஆராய்ச்சியாளர்கள் கூடி இதை ஒரு கணக்காகவே வகுத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. தாய்க்குத் தூரம் திரும்பியிருக்கக் கூடாது. குழந்தைக்கு அநேகமாகத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் போகக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவிகிதம் பாதுகாப்பு. மாத்திரைக்குக் குறைந்ததில்லை. ஆனால் மூன்றில் ஒன்று போனாலும் அந்தக் கணக்கு செல்லாது. சர்க்கரைத் தண்ணி, கிரைப் வாட்டர், உரைமருந்து, ‘பால் பத்தலை’ என்று ராத்திரியில் ஒரு புட்டி என்று நம் வீடுகளில் முதல் வாரத்திலிருந்தே உள்ளே போகிற அயிட்டங்களை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது நிபந்தனை பல வீடுகளில் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை.

இன்னொரு சங்கதி. ‘இன்னும் தூரம் ஆகலை, அதனால பயமில்லை’ என்று பெண்கள் நம்புகிறார்கள். முதல் தூரத்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே முட்டை வந்துவிடலாம். அந்த முட்டையில் கரு தங்கிவிட்டால் தூரம் வரவே வராது. பஸ் போன பிறகு போர்டைப் பார்க்கிற கதைதான். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. சிலருக்கு முதல் ஒன்றிரண்டு தடவை முட்டை இல்லாமலே தூரம் வரும். சிலர் பிள்ளைக்கு ரெண்டு வயசாகிறவரை தூரமே ஆகாமல் இருப்பார்கள். எதிர்வீட்டு அக்கா இந்த ரகமாக இருந்திருப்பார். அவர் அனுபவம் நூற்றுக்கு நூறு நிஜம். அது உங்களுக்கும் பொருந்தும் என்பதில்தான் ஆபத்து.

அந்தக் காலத்தில் பாட்டிகளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தியது என்று கேட்பீர்கள். எல்லாப் பாட்டிகளுக்கும் பொருந்தவில்லை. பொருந்தியவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வாழும் குங் இனப் பெண்களை ஆராய்ந்து 1980-ல் ஒரு கட்டுரை வந்தது. கருத்தடைச் சாதனம் எதுவும் இல்லாத அந்தப் பெண்களுக்கு ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி இருந்தது. ரகசியம் ரொம்ப சிம்பிள். பிள்ளை எந்நேரமும் அம்மாவின் இடுப்பில். ஒரு மணி நேரத்துக்குப் பல தடவை, தடவைக்கு ஒன்றிரண்டு நிமிஷம் வாய்வைத்துவிட்டு எடுக்கும். ராத்திரியும் பக்கத்திலேயே.

இதைக் காவிரிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். குடமுருட்டி பிரிகிற ஊர் திருக்காட்டுப்பள்ளி. நெல்லும் வாழையுமான பூமி. நடவுக் காலத்தில் காலையில் வயலில் இறங்குகிற தாய்க்குப் பிள்ளை வீட்டில் பாட்டியிடம், அல்லது வரப்போர மரத்துத் தூளியில். ஒரு கட்டு நாற்று முடியாமல் கரை ஏற முடியாது. மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், ரவிக்கை நனையும்; பிள்ளை அங்கே கஞ்சி குடித்துத் தூங்கிக்கொண்டிருப்பான். குனிந்து நட்டவளுக்குக் கலஹாரிப் பெண்ணின் பாதுகாப்பு என்றைக்குமே இருந்ததில்லை. இப்போது நடவு மெஷினும் நேரடி விதைப்பும் வந்து அந்த வேலையும் குறைந்துபோக, பெண்கள் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறுகிறார்கள். இடைவெளி இன்னும் நீண்டுவிட்டது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பேறுகால நலனுக்கான சட்டப்படி, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகிறவரை, வேலை நேரத்தில் பால் கொடுக்கத் தாய்க்குத் தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும். உங்கள் ஊர் ஜவுளிக்கடையில் நிற்கிற எந்தப் பெண்ணையாவது கேட்டுப் பாருங்கள், இப்படி ஒன்று உண்டென்று தெரியுமா என்று. தமிழ்நாட்டுக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று சட்டத்தில் எழுதவே 2021 ஆயிற்று. பால் கொடுக்கப் பிள்ளையை யார் அங்கே தூக்கிக்கொண்டு வருவது? 2015-ல் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார் பாலூட்டும் அறை திறந்தார்கள். நல்ல காரியம். பல ஊர்களில் இன்று அதன் பூட்டைத்தான் பார்க்க முடிகிறது.

இப்போது நான் படித்த படிப்புக்கு வேலை. ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு போஸ்டர் இருக்கிறது: இரண்டு வயது வரை, அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனமே சொல்வது. சரியான யோசனை. இரண்டு வருஷம் என்றால் இருபத்துநாலு மாதம். தாய்ப்பாலை நம்பியிருக்கக்கூடிய காலம், மூன்று நிபந்தனையும் பிசகாமல் இருந்தால், ஆறு மாதம். இருபத்துநாலில் ஆறு போனால் பதினெட்டு.

இந்தப் பதினெட்டு மாதத்துக்கு என்ன பதில்? போஸ்டரில் இல்லை. ‘தாய்ப்பால் வாரம்’ என்று ஆகஸ்ட் முதல் வாரம் கொண்டாடுகிறோமே, கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்து டப்பர்வேர் பரிசு கொடுக்கிறோமே, அந்த மேடையில் இதைச் சொல்ல ஆள் இல்லை. அரசாங்கம் சொன்ன ஒரு நல்ல காரியத்தை ஒழுங்காகச் செய்த பெண்தான், அதைச் செய்துகொண்டிருக்கும்போதே மாட்டிக்கொள்கிறாள். பிறகு அவளையே பார்த்து, அடக்கம் இல்லையா என்கிறோம்.

மாட்டிக்கொள்வது அவள் மட்டுமா? தமிழில் ஒரு வார்த்தை உண்டு. சவலை. ‘புள்ள சவலை பாஞ்சிடுச்சு’ என்பார்கள். அடுத்த கர்ப்பம் வந்து, தாய்ப்பால் நின்று, மெலிந்து தொய்ந்துபோன மூத்த பிள்ளை. ‘பால் கெட்டுப்போச்சு, கொடுக்காதே’ என்று மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவி அதை விரட்டுவார்கள். சாதாரணமான கர்ப்பத்தில் தாய்ப்பாலைத் தொடர்வதால் கெடுதல் ஏதும் இல்லை என்பதுதான் இன்றைய மருத்துவம். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், ரத்தப்போக்கு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் மாதம் ஏற ஏறப் பால் தானாகவே குறையும். ஒரு வயசுக்குள் இருக்கிற பிள்ளைக்கு அது பெரிய இழப்பு.

பள்ளிக்கூடத்தில் குவாஷியோர்கர் என்று ஒரு நோய் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? புரதச்சத்துக் குறைவால் வருவது என்று எழுதி இரண்டு மார்க் வாங்கினோம். அது கானா நாட்டின் கா மொழிச் சொல். அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1930களில் அதை மருத்துவ உலகத்துக்குச் சொன்னார். அந்த ஊர்த் தாய்மார்களிடம் அதற்கு அர்த்தம், அடுத்த குழந்தை வரும்போது மூத்த குழந்தைக்கு வருகிற நோய். அப்படியே நம் சவலை! ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் காவிரிக் கரையிலும் தாய்மார்கள் ஒரே விஷயத்தைக் கண்டு, ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பால் குடிக்கும்போது நிற்காது என்று சொன்ன அதே ஊரில், நின்றுபோனால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஒரு சொல் இருந்திருக்கிறது என்றால், எத்தனை தடவை நின்றிருக்க வேண்டும்!

ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருஷமாவது பொறுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெருக்கி வந்தால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று சிக்கல் கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஒரு பிரசவத்தில் இழந்த ரத்தமே ஊறி முடியாத உடம்பு அது. தூரம் இல்லாததால் கர்ப்பம் தெரிவதே நாலு, ஐந்து மாதத்தில். வேண்டாம் என்று முடிவு செய்ய நினைத்தாலும், சட்டம் கொடுத்திருக்கிற காலம் பாதிக்கு மேல் கரைந்திருக்கும்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் அரசாங்கத்தின் கவலை எப்போதும் தலை எண்ணிக்கை பற்றியதாகவே இருந்திருக்கிறது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசுவாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, மூன்று பிள்ளைகள் இருக்கும்போது நாலாவது பெறுவதற்குப் பொறுப்பில்லாத தாய்மை என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். கவனியுங்கள், தாய்மைதான் பொறுப்பில்லாதது. தகப்பன்மை பற்றிப் பேச்சே இல்லை. (அவரே பிறகு சென்னை மாகாணத்தின் தலைமைச் செயலாளராக இருந்து, ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டார்.) சிவப்பு முக்கோணம், நாமிருவர் நமக்கிருவர் என்று லாரி முதுகு வரைக்கும் எழுதினோம். எத்தனை என்பதை மண்டையில் ஏற்றினோம். எப்போது என்பதைப் பற்றி இந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

பேசாமல் செய்தார்கள். செசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1995-ல் தமிழ்நாட்டு ஏழைப் பெண்களின் பிரசவங்களைக் கூட இருந்து பார்த்து, 2003-ல் புத்தகமாக எழுதினார். சென்னையின் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவமான கையோடு, பெண்ணின் சம்மதம் கேட்காமலே காப்பர்-டி பொருத்தியதை அதில் பதிவு செய்திருக்கிறார். காப்பர்-டி நல்ல சாதனம். பால் கொடுக்கிறவர்களுக்கும் ஏற்றது. அதைக் கேட்டுவிட்டுப் பொருத்துவதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்? கேட்காமல் பொருத்தினால் என்ன நடக்கும் என்றால், வெளியே வந்ததும் முதல் வேலையாக எங்கேயாவது காசு கொடுத்து எடுத்துவிடுவார்கள். அம்மாக்காரி மகளிடம் சொல்வாள், ‘அந்த ஆஸ்பத்திரியில கம்பி வச்சிடுவாங்க, ஜாக்கிரதை’ என்று. பாதி உண்மைகள் இப்படியும் உற்பத்தியாகும்.

பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடை பற்றி எழுதியவர். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ புத்தகத்தில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் குடும்பச் சொத்து சிதறாமல் இருக்கவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், நான் பெண் சுதந்திரமாக இருப்பதற்காக வேண்டும் என்கிறேன் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை அவர் பெயரைச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்களே எடுத்துக்கொள்ளவில்லை. முதலமைச்சராக மு.க.ஸ்டாலின் 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டில் பேசும்போது, முன்பெல்லாம் பொறுமையாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பேன், இனி உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். தொகுதி எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற கவலை. கவலை நியாயமாகவே இருக்கட்டும். டெல்லிக்கு எம்.பி. அனுப்புகிற கணக்கையும் டெல்டாப் பெண்ணின் கர்ப்பப்பையில்தான் எழுத வேண்டுமா? அன்று குறை என்றார்கள், இன்று கூட்டு என்கிறார்கள். லெட்ஜர் மட்டும் மாறவே இல்லை.

வீட்டிலும் இதே கணக்குதான். நிற்கக் கூடாது என்கிறபோது ‘பாலைக் கொடு, நிக்காது’. அடுத்தது வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டால் ‘பாலை நிறுத்து, அப்பத்தான் நிக்கும்’. பிள்ளைக்கு இன்னும் பால் வேண்டுமா, அவளுக்கு இன்னொன்று சுமக்கத் தெம்பு இருக்கிறதா என்பதெல்லாம் அஜெண்டாவிலேயே வராது.

வழி இல்லாமலா இருக்கிறது? ஆணுறை இருக்கிறது. நிரோத் வந்து அறுபது வருஷம் ஆகப்போகிறது. மூன்று பதினைந்து காசுக்கு விற்ற காலத்திலிருந்தே அதை வாங்கக் கூச்சப்படுகிற இனம் நாம். காப்பர்-டி. பால் கொடுக்கிறவர்களுக்கென்றே புரொஜெஸ்டிரான் மட்டும் உள்ள மாத்திரை. ஹார்மோனே இல்லாத சாயா மாத்திரை. லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. மூன்று மாதத்துக்கு ஒன்றாக அந்தரா ஊசி. மாலா-டி மாதிரியான கலவை மாத்திரையை மட்டும் பால் கொடுக்கிறவர்கள் முதல் ஆறு மாதம் தவிர்க்க வேண்டும், பால் குறையலாம். எது யாருக்குச் சரி என்பதை டாக்டரோ நர்ஸோ அவளுடன் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசினால் முடிவாகிவிடும். இனி வேண்டாம் என்கிற தம்பதிக்கு ஆண்களுக்கான ஆபரேஷன், தழும்புகூடத் தெரியாதது. அதே 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு? நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்த ஐந்து நிமிஷம் எங்கே என்று சுகாதாரத் துறை கேட்கலாம். அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நம்பர் போட்டுப் பதிவு செய்கிற மாநிலம் இது. குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம், பதினாறாவது மாதத்துக்கு மேல் ஒன்று. அந்தப் பதினெட்டு மாதத்துக்கு முன்னும் நடுவிலும் தாய் தானாக நடந்துவந்து அரசாங்கத்தின் எதிரே உட்காருகிறாள். குழந்தையின் எடையைக் கேட்கிறோம், காய்ச்சல் வந்ததா என்று கேட்கிறோம். ‘உனக்கு எப்படிம்மா இருக்கு? தூரம் ஆச்சா? அடுத்ததுக்கு என்ன யோசிச்சிருக்கே?’ என்று கேட்பது எந்தப் படிவத்திலும் கட்டாயமாக இருக்கவேண்டாமா? பதினாலாவது வார ஊசிக்குப் பக்கத்தில் இரண்டு வரி அச்சடித்தால் போதும்: ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் பாதுகாப்பு இல்லை, தூரம் வராவிட்டாலும் கர்ப்பம் வரலாம். இதற்குப் பட்ஜெட்டில் கோடிகள் ஒதுக்க வேண்டியதில்லை. மையும் மனசும் போதும்.

அட்டை மாறுகிறவரை காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தைக்காரியின் கணவரே, உங்களைத்தான் சொல்கிறேன். வரும் புதன்கிழமை ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, பைக்கை நிழலில் நிறுத்திவிட்டு அங்கேயே செல்போனை நோண்டிக்கொண்டிருக்காமல் நீங்களும் உள்ளே போங்கள். பிள்ளை ஊசிக்கு அழுது ஓய்ந்ததும் நர்ஸம்மாவிடம் நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள்: “புள்ளைக்கு ஒன்பது மாசம். இன்னும் பால் குடிக்கிறான். இவளுக்கு இன்னும் தூரம் ஆகலை. நாங்க என்ன செய்யணும்?”

‘நாங்க’ என்று கேளுங்கள்.